மெலிந்த காற்றின் கணக்கு

மூன்றாவது டிரான்சிஸ்டரும் செத்துப்போன இரவில்
வெளியே மைனஸ் பதினொன்று.
வாளித் தண்ணீர் கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது.
"இந்தக் குளிரிலா வெந்துபோச்சு, யோலா?"
சிரித்தார் சத்துர்னினோ போமா,
கோக்கா இலை ஒரு கன்னத்தில் உப்பியிருக்க.
வின்ச்சின் பிரேக் தானாக இறுகி
வெள்ளீயத் தாது ஏற்றிய தொட்டி
பாதிக் குழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கையைச் சுடுமுன் எடுத்துவிட்டேன், கருகிய அந்தக் கறுப்புச் சில்லை.
விரல்நகம் அளவு. அதற்குள் ஐம்பது வாட் எரிச்சல்.

மறுபடி தாளில் போட்டுப் பார்த்தேன்.
நூற்று இருபத்தைந்தைத் தாண்டினால் சிலிக்கான் பிழைக்காது.
தூசிக்குப் பயந்து மூடிய பெட்டிக்குள் நாற்பது.
நடுவே இருக்கும் எண்பத்தைந்து டிகிரிதான்
என் மாதச் சம்பளம்.
வாட்டுக்கு ஒன்று புள்ளி ஏழு.
உள்ளிருந்து தோலுக்கு வரவே புள்ளி ஆறு போய்விடும்,
பசையைத் தாண்டப் புள்ளி இரண்டு,
கையில் மிச்சம் புள்ளி ஒன்பது.
புள்ளி ஒன்பது என்று அச்சடித்த ஹீட்சிங்க்கைத்தானே
மூன்று முறையும் வாங்கினேன்?

கணக்கில் பிழையில்லை.
அதை அச்சடித்தவர்கள்
கடலோரத்தில் உட்கார்ந்து அச்சடித்திருந்தார்கள்.

பதினாலாயிரம் அடியில் எங்கள் பானை
எண்பத்தாறிலேயே கொதித்துக் கூச்சல் போடும்,
உள்ளே உருளைக்கிழங்கு கல்லாகவே கிடக்கும்.
கிழங்குக்குத் தெரிந்தது எனக்கு உறைக்க
மூன்று டிரான்சிஸ்டர் ஆயிற்று.
குளிர் வேறு.
குளிர்விப்பது வேறு.
சூட்டைச் சுமக்க வரவேண்டிய கூலிகளில்
பத்துக்கு நாலு பேர்
இந்த மலையில் ஏறவே இல்லை.

பட்டறை மேசையில் மூன்று ஹீட்சிங்க்.
ஒன்று புதுசு, பேன்சீப்பு போல நெருக்கமான துடுப்புகள்,
பார்க்க அழகு;
மெலிந்த காற்று அந்தப் பல்லிடுக்கில் நுழைந்து
மூச்சுமுட்டி நின்றுவிடும்.
ஒன்று நல்ல கறுப்புப் பூச்சு, ஆனால் குள்ளம்.
மூன்றாவது
செத்த வெல்டிங் மெஷினின் வயிற்றிலிருந்து அறுத்தது,
நாலு கிலோ, ஒரு மூலை பிய்ந்தது,
துடுப்புக்கும் துடுப்புக்கும் நடுவே
என் கட்டைவிரல் போய்வரும்.
அதை எடுத்தேன்.

பெட்டிக்குள் அடங்கவில்லை.
கதவை அறுத்தேன்.
முதுகை வெளியே நீட்டி, துடுப்புகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி முடுக்கினேன்.
(முன்பு படுக்கைவாட்டில் மாட்டிய மடையர் யார் என்று
லூசியோ கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.)
பசையை மைக்கா தெரியும் அளவுக்கு வழித்து,
திருகை மாற்றி மாற்றி இறுக்கி,
விடியுமுன் தொட்டி மேலே வந்தது.

ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை.
பத்தாம் நாள் இரவு பிரேக் பிடித்துக்கொண்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால்,
துடுப்புகள் மேல் வரிசையாக ஈரக் கையுறைகள்.
ஐந்து ஜோடி.
அடியில், சூட்டோடு முதுகை ஒட்டி,
சமையல்காரி நிக்கோலாசாவின் மஞ்சள் நாய்.
காற்று உள்ளே போகவும் வழியில்லை,
வெளியே வரவும் வழியில்லை.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன்.
குழியிலிருந்து ஏறி வந்தவர்கள்
சிவந்த விரல்களை அக்குளில் இடுக்கியபடி
தரையைப் பார்த்தார்கள்.
சுரங்கம் முழுவதிலும் சூடாக இருந்தது அது ஒன்றுதான்;
என் தாளில் அதற்கு எண் இல்லை.

மறுநாள் கம்பிவலை அடித்தேன், நாய் நுழையாதபடி.
பிறகு, யாரும் கேட்காமலே,
துடுப்புகளுக்கு அரை மீட்டர் மேலே,
சூடு தன் வேலையை முடித்துக்கொண்டு
மேலே போகும் வழியில்,
ஒரு இரும்புப் பட்டையில் ஆறு கொக்கி வைத்து வெல்ட் அடித்தேன்.

ஐந்து கையுறைகள் அங்கே அசைகின்றன,
விசிறி இல்லை, ஜன்னலும் சாத்தியிருக்கிறது.
ஆறாவது கொக்கியில்
தினம் யாரோ
நாய்க்கென்று ஒரு சாக்கைக் காயவைக்கிறார்கள்.